மூன்றாம் மாடிப் பூங்குயில்கள்

2023 வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில், சிவக்கொழுந்து ரீச்சரின் ஹோலுக்குள் மட்டும் மழை பெய்தது. முதல்நாள்தான் செம்முகப் பூங்குயில் சோடியொன்று யன்னலால் வந்து மின்விசிறிக்கு மேல் கூடு கட்டத் தொடங்கியிருந்தது. முகம் சிவப்பு, நீண்ட வாலின் நுனி வெள்ளை. ஆணின் கண் மண்ணிறம், பெண்ணின் கண் வெள்ளை. ஈரமான அடர்காட்டுக்கு வெளியே இந்தப் பறவை வாழாது என்பதால் காடும் கூடவே வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நான்கு மரங்கள் தரையைப் பிளந்து வளர்ந்திருந்தன. மழை மற்ற அறைகளுக்கும் பரவ, ரீச்சர் அடுப்பைக் குளியலறைக்கு மாற்றினார். வீட்டில் நனையாத இடம் அது ஒன்றுதான்.

வீட்டுச் சொந்தக்காரர் சுந்தரலிங்கம் புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணி. லண்டன்காரர் ஒருவருக்கு வீட்டை விற்பதற்காக, வாடகைக்கு இருந்த ரீச்சரை மாத முடிவுக்குள் வீட்டைவிட்டு எழும்பச் சொல்லியிருந்தார். ரீச்சருக்குப் போக வேறு இடமில்லை. பாதிச் சாமான்களைப் பெட்டிகளில் கட்டிவைத்து அழுதுகொண்டிருந்தார். பெட்டிகளில் பாசி படர்ந்தது.

பறவைகளை அகற்றச் சுந்தரலிங்கம் அழைத்த வனவிலங்கு உத்தியோகத்தர் முத்துலிங்கம் குடையுடன் வந்தார். மூன்று முட்டைகளை எண்ணினார். பூங்குயில் கூடு கட்டிய இடம் காடு என்றும், காட்டில் வாழும் எதையும் வெளியேற்ற முடியாது என்றும் எழுதினார்.

“அப்ப இந்த மனுசி?” என்று சுந்தரலிங்கம் கேட்டார்.

“எவ்வளவு காலமா இருக்கிறா, சேர்?”

“இருபத்திரண்டு வருசம்.”

“அப்பிடியெண்டா அவவும் இந்தக் காட்டில சீவிக்கிற உயிர்தான். எழுப்ப ஏலாது.”

சுந்தரலிங்கம் வழக்குப் போட்டார். குயில் என்பது பரம்பரை பரம்பரையாகப் பிறர் கூட்டில் அத்துமீறும் சாதி என்று ஒன்றரை மணித்தியாலம் வாதாடினார். இந்தக் குயில் தன் கூட்டைத் தானே கட்டி, தன் குஞ்சைத் தானே வளர்க்கும் என்று முத்துலிங்கம் எழுந்து சொன்னார். வழக்குத் தள்ளுபடியானது. லண்டன்காரர் கிருலப்பனையில் மழையில்லாத வீடொன்றை வாங்கினார்.

தீர்ப்பு வந்த அன்று பின்னேரம் ரீச்சர் பெட்டிகளை அவிழ்த்தார். “மழைக்குள்ள நிக்காதேங்கோ தம்பி, உள்ளுக்கு வாங்கோ” என்று முத்துலிங்கத்தைக் குளியலறைக்கு அழைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்.

அதன்பின் ஆண்டுதோறும் குஞ்சுகள் பறந்தன. சுந்தரலிங்கம் இப்போது காட்டுக்குள் நுழைய அனுமதிப்பத்திரம் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைநோக்கியுடன் தன் வீட்டைப் பார்க்க வருகிறார். பூங்குயில் அதிகம் சத்தம் போடாத பறவை. ஆகவே அவரும் கதைப்பதில்லை. கீழ்மாடி யூஜினா பல்கனியில் உடுப்புக் காயப்போட முன், மேலே மழை விட்டதா என்று போன் எடுத்துக் கேட்பார்.

“இன்னும் கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை” என்பார் ரீச்சர்.