வசிக்கும் தளம்

தெரு அவருக்கு வைத்த பெயர் ரேடான் வெர்லின். ஓய்வு பெற்ற மனிதரின் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடைத்தால் அக்கம்பக்கம் தாங்காது என்பது வெர்லினுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய, வாய் சும்மா இருக்கவில்லை. மினசோட்டாவின் அந்தப் புறநகரில் ஜனவரி முழுக்க, முழங்கால் பனியில் பத்தொன்பது வீட்டுக் கதவைத் தட்டி, ஆளுக்கொரு சோதனை டப்பா கொடுத்தார்.

"ரேடான்கிறது மண்ணுக்குள்ளேருந்து வர்ற வாயும்மா. மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. நுரையீரல்ல புத்துநோய் வரவச்சிடும். டப்பாவத் திறந்து வச்சிட்டு, ஜன்னலச் சாத்திட்டு, நாலு நாள் கழிச்சு ஆய்வகத்துக்குத் தபால்ல அனுப்புங்க. அளவு நாலைத் தொட்டா வீட்டச் சரிபண்ணணும்."

அவர் வீட்டு முடிவு ஒன்று புள்ளி இரண்டு. சும்மா இருப்பாரா? சர்ச்சில் காபி நேரத்தில் எல்லோரிடமும் காட்டினார். சமையலறை அலமாரியில் வைத்ததுதான் சூட்சுமம் என்று யோசனை வேறு சொன்னார். தெருவே சமையலறையில் வைத்தது. எல்லோருக்கும் நல்ல முடிவு, எல்லோருக்கும் சந்தோஷம்.

பக்கத்து வீட்டு லாவோன் மட்டும் துண்டுப் பிரசுரத்தைப் படித்தாள். படித்துவிட்டு நேரே வந்தாள்.

"இதுல 'வசிக்கும் தளங்கள்லயே கீழானதில் வைக்கவும்'னு போட்டிருக்கே வெர்லின்?"

"அதான் சமையலறை. தரைக்குக் கீழ, பேஸ்மென்ட்ல, எங்க வீட்டுல யார் வசிக்கிறா?"

"மார்லிஸ் அங்கதானே தூங்குறா? தினம் அந்த ஜன்னல்ல வெளிச்சம் தெரியுதே."

"அது... துணி தைப்பா" என்றார் வெர்லின். காது மடல் சுட்டது.

மனைவி மார்லிஸ் எட்டு வருடமாகக் கீழேதான் படுக்கிறாள். காரணம் அவருடைய குறட்டை. டாக்டரிடம் போகச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள்; குறட்டைக்கெல்லாமா டாக்டர் என்று சிரித்தார். ஒருநாள் அவள் தலையணையை எடுத்துக்கொண்டு கீழே போனாள். வெளியே தெரிந்தால் வெட்கம் என்று அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மறைத்து மறைத்து, கடைசியில் அவரே மறந்து தொலைத்தார். ஊருக்கெல்லாம் நுரையீரல் பாடம் எடுத்த மகானுக்கு, சொந்த மனைவி எந்தத் தளத்தில் மூச்சு விடுகிறாள் என்பது நினைவில் இல்லை. நல்ல தொண்டு!

இரண்டாவது டப்பாவை அவள் கட்டிலருகே வைத்தார். முடிவு பதினான்கு புள்ளி ஆறு. அவருக்குப் பயமாக இருந்தது, நிஜமான பயம்.

அந்த ஞாயிறு, காபி நேரத்தில் எழுந்து நின்றார்.

"எல்லாரும் மறுபடி சோதிக்கணும். நான் சொன்னது தப்பு. பேஸ்மென்ட்ல யாராவது தூங்கினா, உட்காந்தா, டிவி பார்த்தா, அங்கதான் வைக்கணும். எங்க வீட்டுல பதினாலரைக்கு மேல." தொண்டையைச் செருமினார். "மார்லிஸ் கீழதான் தூங்குறா. எட்டு வருஷமா. நான் விடுற குறட்டை அப்படி."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. எல்லோரும் அவரவர் கோப்பையை உற்றுப் பார்த்தார்கள். காபி ஊற்றிக்கொண்டிருந்த மார்லிஸ் கூஜாவைக் கீழே வைத்துவிட்டு அவரருகே வந்தாள்.

"விசிறி மாட்டிக் காத்த வெளியேத்த ஆள் வர்றான், செவ்வாக்கிழமை" என்றார் வெர்லின் அவசரமாக. "அதுவரைக்கும் நீ மேல படு. நான் கீழ போயிடறேன். டாக்டர்கிட்டயும் நாள் கேட்டுட்டேன்."

மார்லிஸ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"அந்த வீட்டுல நானும் வசிக்கிறேன்னு ஒரு டப்பா வந்து சொல்லணுமா வெர்லின் உனக்கு?"