பின்கண்ணாடியை மாற்றுவதற்கு முன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இதைக் கதையாக எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. அண்ணி கேட்டது ஒரே ஒரு பக்கம். வண்டிகளுக்குக் கண்ணாடி மாற்றும் பட்டறை அவருடையது. என் அண்ணன் கிடங்குக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவதோடு சரி. கத்தி பிடிப்பது, பசை போடுவது, கண்ணாடியைத் தூக்கி உட்கார வைப்பது எல்லாம் அண்ணிதான்.

"தம்பி, எழுத்தாளர்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்கள்ல? வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்கறாங்க. பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டத் தண்ணி வத்துது. பின்கண்ணாடி மாத்தறதுக்கு முன்னாடி என்னென்ன தெரிஞ்சுக்கணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, செவுத்துல ஒட்டிக்கறேன். கதை கிதை விடாதீங்க."

சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலோடு ஒரு சனிக்கிழமை காலை பட்டறை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் எல்லாம் கெட்டது.

2

ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "முன்கண்ணாடி, இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய படலம் வைத்துச் செய்தது, அடிபட்டால் விரிசல் விடும், ஆனால் நிற்கும். பின்கண்ணாடி பெரும்பாலும் சூட்டில் இறுக்கிய ஒற்றைக் கண்ணாடி. உடைந்தால் ஒரே நொடியில் மொத்தமும் கல் உப்பாகக் கொட்டிவிடும். ஆகவே ஒட்டுப் போட முடியுமா என்று கேட்காதீர்கள்." அண்ணிக்கு இது பிடிக்கும். உங்களுக்குக் கொட்டாவி வரும்.

இரண்டாவது: "அன்று காலை ஒன்பதரை மணிக்கு, வாழ்க்கையே நொறுங்கிப்போன ஒரு மனிதர் தன் காரை—" அட, போதும். நொறுங்கியது கண்ணாடி. அதற்கு மேல் நான் ஏற்றி எழுதினால் அந்த மனிதரே வந்து என்னை உதைப்பார்.

மூன்றாவது: பல் செய்பவர் வந்தார்.

இது இருக்கட்டும். பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பல் செய்து தருவது அவர் தொழில். நாற்பத்தைந்து வயது. வாயைத் திறக்கும் யாரையும் முதலில் பல்லில்தான் பார்ப்பார். என்னையும் அப்படிப் பார்த்துவிட்டு, "மேல் வரிசைல ஒண்ணு நம்ம மாதிரி ஆளு செஞ்சது, இல்ல?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

3

காரின் பின்பக்கம் முழுக்க பாலிதீன் தாளும் டேப்பும். அண்ணி ஒரே இழுப்பில் பிய்த்தார்.

"எப்படி உடைஞ்சுது?"

"தெருவுல பந்து பட்டுருச்சுங்க."

அண்ணி குனிந்து பம்பர் இடுக்கில் விரலை விட்டு ஒரு பிடித் தூளை அள்ளினார்.

"பந்து வெளியேர்ந்து வந்தா தூளெல்லாம் உள்ளதாங்க அதிகமா கொட்டும். இங்க என்னடான்னா பூராவும் வெளிய கெடக்கு. உள்ளேர்ந்து என்னத்த வச்சு முட்டுனீங்க?"

குட்டு வெளிப்பட்டதும் மனிதர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். (இந்த இடத்தில் நானும் பந்தைத்தான் நம்பி எழுதிவைத்திருந்தேன். பந்து அடித்த பையனுக்கு ஒரு பாத்திரம்கூடத் தயாராக இருந்தது. அவனை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன், பாவம்.)

"மேசைங்க," என்றார். "படிக்கிற மேசை. டிக்கில படுக்க வச்சேன். பலகை விரல்கடை நீளம் ஜாஸ்தி. அமுக்கினா உள்ள போயிடும்னு நெனச்சேன். கண்ணாடியோட இருக்கற பின்கதவ இறக்கினேன்... டப்னு ஒரு சத்தம். அவ்ளோதான்."

"அளந்து பாக்கலையா?"

"தினம் பல்ல அளக்கிறவன்ங்க நான். ஒரு மயிரிழை கூடினாக்கூடத் திருப்பி அனுப்பிடுவாங்க. அன்னிக்கு அளக்கத் தோணல. அவசரம்."

அவசரம் எதற்கு என்று அண்ணி கேட்கவில்லை. நான்தான் மூக்கை நுழைத்தேன்.

மகளுக்குப் பதினாலு வயது. அம்மாவோடு இருக்கிறாள். எட்டு மாதமாக அப்பாவிடம் பேசவில்லை. போன வாரம் அம்மா மூலமாக ஒரு செய்தி: சனிக்கிழமை நாலு மணிக்கு அப்பா காரில் வந்தால் வருகிறேன், ஒரு நாள் தங்குகிறேன். நிபந்தனைகள் இரண்டு. பின்சீட்டில்தான் உட்காருவேன். எதையும் கேட்கக் கூடாது. அவளுக்காகத் தன் புது வீட்டில் ஒரு அறையை வெள்ளையடித்துத் துடைத்து வைத்திருந்தார். மேசை அந்த அறைக்கு.

"நாலு மணின்னா நாலு மணிதாங்க. நாலே காலுக்குப் போனா கதவே திறக்க மாட்டா. என்னை மாதிரியேதான் அவளும்."

(வாடகைக் காரில் போகக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "வாடகைக் கார்ல போனா விருந்தாளி மாதிரி இருக்கும்," என்றார்.)

4

அண்ணி கேட்ட அந்த ஒரு பக்கத்தில் இது முதல் குறிப்பாக வர வேண்டும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: உடைந்ததில் சில துண்டுகளையாவது பத்திரமாக வையுங்கள். ஒரே காருக்கு நாலு விதமாகப் பின்கண்ணாடி உண்டு. துடைப்பானுக்கு ஓட்டை உள்ளது, இல்லாதது; வானொலிக் கம்பி உள்ளே ஓடுவது, ஓடாதது; பனி படிந்தால் கண்ணாடியைச் சூடாக்கும் மெல்லிய பழுப்புக் கோடுகள் உள்ளது, இல்லாதது. உடைந்து கொட்டிய பிறகு எது எப்படி இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. தினமும் பார்த்த கண்ணாடிதான், இருந்தும் ஞாபகம் இருக்காது.

முந்தின நாள் போனில் அண்ணி கேட்டபோது, "கோடெல்லாம் எதுவும் இல்லைங்க" என்று பல் செய்பவர் அடித்துச் சொல்லியிருந்தார். தூளையெல்லாம் கூட்டி அள்ளிக் கொட்டியும் விட்டார். அதை நம்பி அண்ணன் கோடில்லாத கண்ணாடி ஒன்றை எடுத்து வந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தார்.

அண்ணி பழைய பசையைச் சுரண்ட ஆரம்பித்தார். சும்மா நிற்கப் பிடிக்காமல் பல் செய்பவர் பின்சீட்டைச் சுத்தம் பண்ணப் போனார். தூசு உறிஞ்சும் குழாயைக் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் அதை அணைத்துவிட்டார். பைக்குள்ளிருந்து வளைந்த மூக்குள்ள சிறிய இடுக்கி ஒன்றை எடுத்து, சீட்டின் தையல், பெல்ட் நுழையும் வாய், விரிப்பின் மடிப்பு என்று ஒவ்வொரு கண்ணாடி மணியாகப் பொறுக்க ஆரம்பித்தார். உள்ளங்கையை அழுத்தி அழுத்தித் தடவிப் பார்த்தார். குத்துகிறதா என்று பார்க்கிறாராம்.

"கையுறை போடுங்க, கிழிச்சுக்கப் போறீங்க," என்றார் அண்ணி.

"கையுறை போட்டா தெரியாதுங்க. அவ அரைக்கால் சட்டை போட்டுட்டு வருவா."

அப்போதுதான் பெல்ட் வாயிலிருந்து ஒரு துண்டு வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நடுவில் பழுப்பாக ஒரு கோடு.

மூன்று பேரும் சுவரில் சாய்ந்திருந்த கண்ணாடியைப் பார்த்தோம்.

5

மணி பதினொன்று. அண்ணி நேராகவே சொன்னார்.

"கோடில்லாதத வச்சாலும் பொருந்தும். பன்னெண்டுக்கெல்லாம் முடிச்சுடுவேன், நீங்க நிம்மதியா கெளம்பலாம். என்ன, மழைல உள்ள பனி படிஞ்சா பின்னாடி எதுவும் தெரியாது, அவ்ளோதான். சரியானது வேணும்னா அவரு மறுபடி கிடங்குக்குப் போகணும். ஒண்ணரை ஆகும். ஒட்டி முடிக்க ரெண்டே கால். அப்புறம் ஒரு மணி நேரம் வண்டி அசையக் கூடாது. மூணே கால். அங்க போக எவ்ளோ நேரம்?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"எங்கயாவது ரயில்வே கேட் போட்டா?"

(இங்கே ஒரு பத்தி எழுதி அடித்திருக்கிறேன். அதில் அவர் மனப்போராட்டம் பன்னிரண்டு வரி ஓடியது. உண்மையில் அவர் வானத்தைப் பார்த்தார். மேகம் இருந்தது. அவ்வளவுதான் போராட்டம்.)

"சரியானதே வைங்க. ராத்திரி அவளையும் வச்சுக்கிட்டுப் பின்னாடி தெரியாம என்னால ஓட்ட முடியாது."

சரியான முடிவுதான் என்று இப்போது சொல்வது சுலபம். அப்போது நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

கிடங்குக்குப் போன அண்ணன் திரும்புவதற்குள் எனக்கு அந்த மனிதர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நல்ல மனிதராகவே எழுதிக்கொண்டு போகிறேனே, அந்தப் பெண் எட்டு மாதம் சும்மாவா பேசாமல் இருப்பாள்? கேட்டேவிட்டேன்.

அவர் இடுக்கியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நானும் அவ அம்மாவும் பேசித்தான் பிரிஞ்சோம். அதுல சண்டையில்ல. அவகிட்ட யார் சொல்றதுன்னுதான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தோம். நான் சொல்றேன்னு நான்தான் சொன்னேன். சொல்லல. அவ ஸ்கூலுக்குப் போயிருந்தப்ப சாமான எடுத்துட்டுக் கெளம்பிட்டேன். சாயங்காலம் வந்து பாத்திருக்கா. அலமாரில என் பக்கம் காலி."

"ஏன் சொல்லல?"

"அவ மூஞ்சியப் பாத்து சொல்லத் தைரியம் இல்ல. வேற என்ன காரணம் வேணும்?"

கோபமாக வந்தது எனக்கு. அடுத்த நிமிடமே அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். நாலு இடத்தில் பொடிப் பொடியாக ரத்தம். கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் மீதியை எழுதுகிறேன்.

7

ஒன்று நாற்பதுக்கு அண்ணன் வந்தார். அண்ணி விளிம்பைத் துடைத்து, கறுப்புப் பசையை ஒரே கனத்தில் சுற்றிலும் இழுத்தார். நானும் அண்ணனும் ரப்பர் கைப்பிடிகளை ஒட்ட வைத்துக் கண்ணாடியைத் தூக்கினோம். "இடது... இன்னும் இடது... தம்பி, மூச்ச விடாதீங்க... வைங்க." உட்கார்ந்தது. கோட்டுக்கான இரண்டு ஒயரையும் மாட்டி, நாலு மூலையிலும் டேப் ஒட்டினார்.

பல் செய்பவர் ஒரு மணி நேரமும் பெஞ்சில் அசையாமல் இருந்தார். சீக்கிரம் கொடுங்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பசை இறுகும்வரை பொறுக்காத மருத்துவர்களோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவர்.

மூன்று இருபத்தைந்துக்குச் சாவியைக் கொடுத்தபடி அண்ணி ஒப்பித்தார்: டேப்பை ரெண்டு நாள் பிய்க்காதீர்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். கோட்டின் சூட்டை நாளை வரை போடாதீர்கள். மேடு பள்ளத்தில் மெதுவாக.

"ஓட்டலாம், பயமில்ல. ஆனா பசை முழுசா இறுக நாளைக்கு ஆகும். அதுவரைக்கும் முக்கியமா ஒண்ணு. எல்லாத்தையும் இறுக்கமா மூடி வச்சுட்டுக் கதவ அறைஞ்சு சாத்தக் கூடாது. உள்ள இருக்கற காத்து எங்க போகும்? புதுக் கண்ணாடியத் தள்ளும். பசை விட்டுக்கும்."

சாவியை வாங்கிய கை அப்படியே நின்றது.

"என் பொண்ணு கதவ மெதுவா சாத்த மாட்டாளே."

"சொல்லி வைங்க. ஒரு நாளைக்குத்தானே?"

"எட்டு மாசம் கழிச்சு வர்றா. நான் பேசற மொத வார்த்தையே 'கதவ மெதுவா சாத்து'ன்னா... அவ திரும்பி உள்ள போயிடுவாங்க. போனாலும் நியாயம்தான்."

அண்ணி அவரைப் பார்த்தார். இந்தப் பட்டறையில் அண்ணி யாரையும் இப்படி நிதானமாகப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"அப்ப சொல்லாதீங்க. நாலு கதவுக் கண்ணாடியையும் முழுசா இறக்கி விட்டுடுங்க. காத்து போக வழி இருந்தா பின்கண்ணாடிய ஒண்ணும் பண்ணாது. எவ்ளோ வேணும்னாலும் அறைஞ்சுக்கட்டும்."

அவர் காரில் ஏறினார். நாலு கண்ணாடியும் சர்ரென்று இறங்கின. தூறல் போட ஆரம்பித்திருந்தது. சட்டைக் கை நனைவதைப் பொருட்படுத்தாமல் தெரு முனையில் திரும்பிப் போனார்.

8

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

அ. மூன்று ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்கிறார். அவள் வருகிறாள், ஏறுகிறாள், டமார் என்று கதவை அறைகிறாள். கண்ணாடி நிற்கிறது. — அண்ணி படித்துவிட்டு, "நம்ம வேலைக்கு நல்ல விளம்பரம்," என்றார். அதனாலேயே அடித்துவிட்டேன்.

ஆ. ரயில்வே கேட். நாலு பத்து. மூடிய வீட்டுக் கதவு. — இதை எழுதி முடித்த அன்று நான் சாப்பிடவில்லை. ஒரு தப்புப் பண்ணிய மனிதருக்கு நான் யார் இன்னொரு தண்டனை கொடுக்க?

இ. அவள் ஏறி, கதவை மெதுவாக, சத்தமே வராமல் சாத்துகிறாள். — அழகாக இருக்கிறதே என்று அண்ணியிடம் நீட்டினேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இதுதான் தம்பி எனக்குப் பயமா இருக்கு. கோவம் இருக்கறவரைக்கும்தான் சத்தம் வரும்."

அவர் அதன்பின் பட்டறைக்கு வரவில்லை. பசை விட்டிருந்தால் வந்திருப்பார் என்கிறார் அண்ணி. பசை விடாததற்கு அவள் வராமலே போனதும் காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது; அதை அண்ணியிடம் சொல்லவில்லை. போன் எண் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்கலாம். 'எதையும் கேட்கக் கூடாது' என்று அந்தப் பெண் போட்ட நிபந்தனை எனக்கும் சேர்த்துத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

ஆகவே முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். உங்கள் மேலும் யாராவது ஒருவர் கோபமாக இருப்பார். அவர் கதவை எப்படிச் சாத்துவார் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த வீட்டு வாசலில் கார் நிற்கிறது. மணி நாலு அடிக்க ஒரு நிமிடம். மழை வலுத்துவிட்டது. முன்சீட்டு நனைகிறது, பல் செய்பவர் நனைகிறார், வழியெல்லாம் நாலு கண்ணாடியையும் இறக்கியே வந்தவர் இப்போதும் ஒன்றைக்கூட ஏற்றவில்லை. எந்த முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் போனாரோ அந்த முகம் வர வேண்டிய வாசலைத் திரும்பி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்.