பெஞ்சுக்குத் தெரியாமல்

செவ்வாய்க்கிழமை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அப்படி எழுதினால் என் தவறு எந்த இடத்தில் தொடங்கியது என்று தெரியலாம். தெரியாமலும் போகலாம்.

மாலை வகுப்பில் நாங்கள் பதினான்கு பேர், உடற்பயிற்சிப் பயிற்சியாளர் சான்றிதழுக்குப் படிக்கிறோம். அதில் ஒருவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். பதினோரு ஆண்டுகள் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவர். ஆடிய மூன்று கிளப்புகளிலும் இடது பக்கத் தடுப்பாட்டம். "ஒரு நாளும் கேப்டனா இருந்ததில்லம்மா. இங்கயாவது இருந்துட்டுப் போறேன்" என்பார். வலது முழங்காலில் மூன்று அறுவை சிகிச்சை. முப்பத்து மூன்று வயதில் கிளப் கைவிட்டது. இப்போது ஒரு ஜிம்மில் துண்டு மடித்து, இயந்திரங்களைத் துடைக்கிறார். இந்த மாதத்துக்குள் சான்றிதழ் காட்டினால் அங்கேயே பயிற்சியாளர் வேலை. செய்முறைத் தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தார். மூன்றாவது முறையும் தோற்றால் மறுபடி பதிவு செய்ய முடியாது.

தேர்வில் அவர் பயிற்சி கொடுக்க வேண்டிய ஆள் நான். நான்கு வாரம் வராந்தாவில் ஒத்திகை பார்த்தோம். நான் தசைகளின் பெயரைக் கேட்பேன்.

"இந்தத் தசைய வச்சுத்தான் இத்தன வருஷம் சாப்பிட்டேன். பேரு கேட்டா திருதிருன்னு முழிக்கிறேன் பாரு."

"அண்ணா, சிரிக்காம சொல்லுங்க. வீட்ல அண்ணி இதெல்லாம் கேக்க மாட்டாங்களா?"

"அவ இப்பல்லாம் எதுவும் கேக்குறதில்ல. கேட்டா பதில் சொல்லணுமேன்னு பாவம் பாக்குறா."

ஞாயிற்றுக்கிழமை நான் மாடிப்படியில் சறுக்கி முழங்காலில் அடிபட்டேன். செவ்வாய் மாலை, தேர்வுக்கு முன் தரும் உடல்நலப் படிவத்தில் 'வலி உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்தேன். உண்டு என்றால் ஆளை மாற்ற விடமாட்டார்கள், தேர்வையே மூன்று மாதம் தள்ளிவைப்பார்கள். ஜிம் அதுவரை காத்திருக்காது. அவரிடமும் சொல்லவில்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

தேர்வாளர் மேடம் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேப்டன் தடுமாறாமல் எல்லாம் கேட்டார், விளக்கினார். நான் உட்கார்ந்து எழ ஆரம்பித்தேன். எட்டாவது முறை இறங்கும்போது முழங்காலில் சுருக்கென்றது. முகம் கோணியிருக்க வேண்டும். அவர் பார்த்துவிட்டார்.

அந்த இடத்தில் 'நிறுத்துங்க' என்று சொல்லியிருந்தால் போதும். பாதுகாப்புக்கான முழு மதிப்பெண்ணும் அதற்குத்தான். ஆனால் அவர் ஓர் அடி பக்கவாட்டில் எடுத்து வைத்தார். அவருடைய அகலமான முதுகு எனக்கும் மேடத்துக்கும் நடுவில் வந்து நின்றது.

"இன்னும் ரெண்டே ரெண்டு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "மூச்ச விடும்மா."

மேடம் எழுந்து வந்தார்.

"ஏன் நகந்து நின்னீங்க?"

கேப்டன் மறுபடி பழைய இடத்துக்கே நகர்ந்தார்.

"அவங்களுக்கு வலிக்குது, தெரியுது. வலிக்குதான்னு ஏன் கேக்கல?"

"கேட்டா அவங்க சொல்லியாகணுமே, மேடம்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "படிவத்துல இல்லன்னு போட்டிருக்கீங்களே?"

"இப்பத்தான் பிடிச்சுது மேடம்" என்றேன். இது இரண்டாவது பொய்.

பாதுகாப்புக்குப் பூஜ்யம் போட்டார். அது பூஜ்யமானால் மற்றதைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

வராந்தாவில் வந்து உட்கார்ந்தோம்.

"ஆட்டத்துல ஒருத்தன் நொண்டினா, பெஞ்சுக்குத் தெரியாம மறச்சு நிப்போம்" என்றார். "கோச் கண்ணுல பட்டா வெளிய எடுத்துருவாரு. அடுத்த ஆட்டம் அவனுக்குக் கெடையாது. எனக்கும் நின்னிருக்காங்க. தங்கமான பசங்க."

"அதனாலதான் மூணு ஆபரேஷனா?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் தன் முழங்காலையே வெகுநேரம் பார்த்தார்.

"இப்படி யோசிச்சதே இல்லம்மா."

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை விழுந்ததைச் சொன்னேன். படிவம் பொய் என்று ஒப்புக்கொண்டால் அந்தத் தேர்வே செல்லாது. தோல்விக் கணக்கில் சேராது. விதிப் புத்தகத்தில் இருக்கிறது, நான் அடிக்கோடிட்டே வைத்திருக்கிறேன். பொய் எழுதியவரை வகுப்பிலிருந்து நீக்குவார்கள் என்பதும் அதே பக்கத்தில்தான்.

"நான் போய்ச் சொல்லிடறேன் அண்ணா."

"சும்மா கெட. உன் பேரையும் அடிச்சுருவாங்க. நான் பாத்துக்கறேன்."

"என்ன பாத்துப்பீங்க?"

"துண்டு மடிக்கத் தெரியும்ல?" சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னதால்தான் போகவில்லை என்று முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் 'சும்மா கெட' என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அலுவலக அறைக் கதவு திறந்தேதான் இருந்தது. மேடம் உள்ளே தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பதினைந்து அடி இருக்கும்.

கேப்டன் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கிப் போனார். மேடம் அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.