பெர்த்துக்குச் சேர்க்க முடியாத மகள்

தனசேகரன் ஓங்கிக் குத்தியதில் விசா ஏஜென்ட் பரமசிவத்தின் மேசைக் கண்ணாடி விரிசல் விட்டது. பஃபலோ ரோட்டில் பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அலுவலகம் அது. கீழே மாலை கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கண்ணாடியை உடைச்சா சட்டம் மாறிடுமாண்ணே?" என்றார் பரமசிவம், நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு. "உங்களை வேலைக்கு ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல கூப்பிட்டாச்சு. அண்ணியைச் சேர்த்தாச்சு. மகளைச் சேர்க்க முடியாது. இருபத்திரண்டு வயசுப் பிள்ளை உங்க கையை எதிர்பார்த்துப் படிச்சுக்கிட்டு, கல்யாணமாகாம இருந்தாத்தான் கூட்டிக்கிட்டுப் போகலாம்."

"கல்யாணம் எங்கய்யா ஆச்சு? தாலி கட்டலையே. ஆர்ஓஎம் பதிவுதானே பண்ணியிருக்கு."

"தாலி நமக்குண்ணே. கவர்மென்ட்டுக்கு ஆர்ஓஎம்தான் கல்யாணம்."

இங்கே சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் அரசாங்க அடுக்குமாடி வீடு கிடைப்பதற்காக முதலில் திருமணத்தைப் பதிவு செய்துகொள்வார்கள். கோயிலில் தாலி கட்டுவது ஓராண்டு, ஈராண்டு கழித்துத்தான். அதுவரை பெண் தாய்வீட்டில் இருப்பாள். அவளைக் கல்யாணமானவள் என்று யாரும் நினைப்பதில்லை. ரக்ஷனாவுக்கும் திலீப்புக்கும் பதிவு நடந்த அன்று சாட்சிக் கையெழுத்துப் போட்டு, சிராங்கூன் ரோட்டில் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தவரே தனசேகரன்தான். விசாவுக்கு மகளைக் கல்யாணமாகாதவள் என்று சொன்னவரும் அவர்தான். பொய் சொல்லும் எண்ணமே மனிதருக்கு இல்லை.

"அப்ப அந்தப் பதிவை ரத்து பண்ணு," என்றார்.

"நான் எப்படிண்ணே பண்றது? சேர்ந்து வாழவே இல்லைன்னு கோர்ட்டுல சொன்னா ஒருவேளை செல்லாமப் போகலாம். அதுக்கு மாப்பிள்ளை ஒத்துக்கணும்."

மகளைப் பிரிந்து இருக்கத் தெரியாதவர் தனசேகரன். அவள் பள்ளி முகாமுக்குப் போனபோது வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தவர். அவர் மனைவி லீலாவுக்கு வேறோர் ஏக்கம். அவளுடைய ஒரே அக்கா பெர்த்தில் இருந்தாள். அக்கா வீட்டுக்கு நாலு தெரு தள்ளி வாழப்போகிறோம் என்று லீலா பள்ளி கேன்டீன் வேலையைக்கூட விட்டுவிட்டாள். மகள் வந்தால்தான் கணவர் கிளம்புவார் என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு தனசேகரனின் கேலாங் ஈஸ்ட் வீட்டில் ஆட்டுக்கறிச் சாப்பாடு. ஏர்கான் பழுது பார்க்கும் திலீப், மோட்டார்சைக்கிளில் வந்து, ஹெல்மெட்டைச் செருப்பு அலமாரிமேல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அவன் பாதி சாப்பிடும்போதே தனசேகரன் ஆரம்பித்தார்.

"தம்பி, நாங்க சேர்ந்து வாழலைன்னு கோர்ட்டுல ஒரு வார்த்தை சொல்லிடு. பதிவு செல்லாமப் போயிடும். இவ எங்ககூட பெர்த்துக்கு வந்து, நிரந்தரமாத் தங்குற பிஆர் எடுக்கட்டும். அப்புறம் ஊரைக் கூட்டித் தாலி கட்டு. யார் வேணாங்கிறா?"

திலீப் சிரித்தான். "ஜோக் அடிக்காதீங்க மாமா. நீங்கதானே சாட்சி."

"நான் சிரிக்கிற மாதிரியா இருக்கு?"

திலீப்பின் சிரிப்பு நின்றது. "கோர்ட்டுல போய்ப் பொய் சொல்ல முடியாது மாமா."

"எதுடா பொய்?"

அவன் தலை குனிந்தான். ரக்ஷனாதான் சொன்னாள். "சேர்ந்து வாழலைங்கிறது பொய்ப்பா. எங்க புக்கிட் பாஞ்சாங் வீட்டுச் சாவி வாங்குனதிலேர்ந்து நான் அங்க போய்க்கிட்டுத்தான் இருக்கேன். லைப்ரரிக்குன்னு சொன்னதெல்லாம் அங்கதான். அவர் என் புருஷன். நான் பெர்த்துக்கு வரலை."

மனசு இளகியவர்கள் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொள்ளுங்கள். சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

தனசேகரன் எச்சில் கையாலேயே மகளை அறைந்தார். குழம்பு அவள் கண்ணில் தெறித்தது. இரண்டாவது அறைக்கு ஓங்கிய கையைத் திலீப் பிடித்தான். அவர் அவனை நெட்டித் தள்ளிவிட்டு வாசலுக்குப் போனார். போய்விட்டார் என்றுதான் லீலா நினைத்தாள். ஹெல்மெட்டோடு திரும்பி வந்தார்.

முதல் அடி வாயில். திலீப்பின் முன்பல் இரண்டும் சோற்றுத் தட்டில் விழுந்தன. அடுத்தது காதோரம். அவன் நாற்காலியோடு சாய்ந்தான். விழுந்தவனை விலாவில் உதைத்தார், மறுபடி உதைத்தார். "தாலி கட்டாத பொண்ணைடா, தாலி கட்டாத பொண்ணை" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு சொல் இல்லை. ரக்ஷனா அவன்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டு, தலைக்குமேல் கையை வைத்தாள். அந்தக் கையிலும் ஹெல்மெட் இறங்கியது. முருங்கைக்கொம்பு ஒடிவதுபோல் மணிக்கட்டில் ஒரு சத்தம். லீலாவுக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. திரும்பவும் ஓங்கினார்.

லீலா பின்னாலிருந்து பாய்ந்து அவர் தோளைக் கடித்தாள். சட்டையோடு சேர்த்து, பல் இறங்கும்வரை கடித்தாள். வாயெல்லாம் உப்புக் கரித்தது. அவர் அலறி ஹெல்மெட்டை விட்டார். அது உருண்டுபோய் அடுப்படி வாசலில் நின்றது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்தவர்களில் சார்ஜென்ட் சாதியாவுக்குத் தமிழ் தெரியும்.

"என்ன நடந்துச்சு?"

திலீப் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு சொன்னான்: "வழுக்கி விழுந்துட்டேன் மேடம். தரை ஈரம் லா."

"நீங்க?"

"அவரைத் தூக்கப்போய் நானும் விழுந்துட்டேன்," என்றாள் ரக்ஷனா. மணிக்கட்டு அதற்குள் வீங்கி, விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

ஏன் அப்படிச் சொன்னார்கள் என்றால், வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்களுக்குப் போலீசின் நன்னடத்தைச் சான்று வேண்டும். வழக்கு விழுந்தால் விசா அவ்வளவுதான். லீலா தன் அக்காவிடம் போய்ச் சேரவேண்டும் என்று நினைத்துத்தான் அடி வாங்கிய இருவரும் பொய் சொன்னார்கள்.

சாதியா தட்டைப் பார்த்தாள். பற்களைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கம்மா," என்றாள்.

"யோசிச்சுச் சொல்லு லீலா," என்றார் தனசேகரன். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. "பெர்த்."

லீலா யோசித்தாள். அக்கா அவளுக்கென்று போர்வைகூட வாங்கி வைத்திருந்தாள். மகளின் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தாள்.

"யாரும் விழலைம்மா," என்றாள். "இவர்தான் அடிச்சாரு. ஹெல்மெட்டால. நான் கடிக்கலைன்னா ரெண்டையும் கொன்னுருப்பாரு."

"அம்மா, சும்மா இரு," என்றாள் ரக்ஷனா.

"நீ சும்மா இரு."

விலங்கு மாட்டினார்கள். லிஃப்டுக்குப் போகும் வழியில் தனசேகரன் திரும்பினார். முகத்தில் கண்ணீர் வழிந்தது. "பிள்ளையை விட்டுட்டுப் போக முடியலைன்னுதானே அடிச்சேன் லீலா?"

"அதான் இனிமே போக வேணாமே," என்றாள் அவள். "ஸ்டேஷனுக்குப் போங்க. சுகர் மாத்திரை போடலைன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க."

ஆம்புலன்ஸில் திலீப் படுத்திருந்தான். ரக்ஷனா அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். லீலாவின் உதட்டோரத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. அதை இருவரில் யாரும் துடைக்கவில்லை.

"பெரியம்மாகிட்ட என்னம்மா சொல்வே?"

"வரலைன்னு சொல்வேன்," என்றாள் லீலா. "நீ கையை அசைக்காதே."