வாசலுக்கு வெளியே ஓர் இலை

ஊரில் மே மாதத்தில் பூக்கிற மயிற்கொன்றை இங்கே நவம்பரில் பூக்கிறது. அதே மரம். அதே சிவப்பு. தெருவெல்லாம் இதழ்.

இரண்டு ஊருக்குமே அது வெளியூர் மரம்தான் என்று வீட்டுக்காரன் ஜில்பேர் சொன்னான். மடகாஸ்கரிலிருந்து போனதாம். போன இடத்தில் எந்த மாதம் வெயில் சுடுகிறதோ அந்த மாதம் பூத்துக்கொள்ளும்.

தவசீலன் அண்ணாந்து பார்த்தபடி நின்றான். மரத்துக்கு அது எப்படித் தெரிகிறது? யார் சொல்லிக்கொடுத்தது? பழைய மாதத்தை அது எங்கே கொண்டுபோய் வைத்தது?

ரீயூனியன் தீவு. கடலின் நடுவில் ஓர் எரிமலை. எரிமலையைச் சுற்றிக் கரும்பு. அஞ்சலகத்தின் மேல் பிரான்சின் கொடி.

முல்லைத்தீவில் மீன் பிடித்தவன் தவசீலன். ஒரு படகில் ஏறினான். தண்ணீர், தண்ணீர், பிறகும் தண்ணீர். இறங்கியபோது இந்தத் தீவு. விசாரித்தார்கள். காத்திருக்கச் சொன்னார்கள். கடைசியில் இருக்கலாம் என்றார்கள்.

இருக்கிறான். வெட்டுகிற பருவத்தில் லாரிக்குக் கரும்பு ஏற்றுகிறான். ஜில்பேரின் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை. தகரக் கூரை. மழை வந்தால் அறை முழுக்க மழையின் பேச்சு.

இந்தத் தெருவில் கடிதப்பெட்டிகளை வாசித்துக்கொண்டே நடப்பது அவனுக்குப் பிடிக்கும். விரப்பின். முத்துசாமி. ராமென். பிரெஞ்சு எழுத்துக்குள் யாரோ தெரிந்தவர்கள் ஒளிந்திருந்து எட்டிப் பார்ப்பதுபோல.

ஜில்பேரும் ஒரு விரப்பின். அவன் பாட்டனுக்குப் பாட்டன் வீரப்பன். வீட்டில் யாருக்கும் தமிழ் தெரியாது. பேச்செல்லாம் தீவின் மொழியான கிரியோல். ஞாயிறு காலையில் மாதா கோவில், மாலையில் மாரியம்மன். இரண்டுக்கும் ஒரே புதுச்சட்டை.

எப்படி வந்தார்கள்? யார் வழியனுப்பினார்கள்? கப்பல் நகர்ந்தபோது கரையில் நின்றவர்கள் எந்தப் பக்கம் திரும்பி நடந்தார்கள்? தவசீலன் அரைகுறைக் கிரியோலில் கேட்டுக்கொண்டே இருப்பான்.

ஜில்பேரின் மனைவி ரோஸ்-மே பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொல்வாள். “கப்பல்ல வந்தாங்க, கரும்பு வெட்டினாங்க. உன்ன மாதிரி நோண்டி நோண்டிக் கேக்க அன்னைக்கு ஆள் இல்ல தவா.”

ஒரு ஞாயிறு. மழை வருமா வராதா என்று மலை யோசித்துக்கொண்டிருந்த காலை. தங்கை சுகிர்தா ஊரிலிருந்து அழைத்தாள்.

“பெரியண்ணா, வாற அமாவாசைக்கு ஐயரைக் கேட்டிருக்கிறன். சின்னண்ணாவுக்குத் திவசம் செய்து முடிப்பம்.”

சின்னண்ணா என்றால் நேசன். யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தில் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று பிளாஸ்டிக் கானைத் தூக்கிக்கொண்டு போனவன். பதினைந்து வருடமாகிவிட்டது. போனதைப் பார்த்தவர்கள் உண்டு. பிறகு பார்த்தவர்கள் இல்லை.

“அம்மா இன்னும் பொழுதுபட்டால் படலையைத் திறந்து வைக்கிறா. ஆடு மாடெல்லாம் உள்ளுக்க வருது. எனக்கு ஏலாது பெரியண்ணா. நீ ஓமெண்டு சொன்னால் அவ மறுக்கமாட்டா. பின்னேரத்துக்குள்ள சொல்லு.”

ஓம். ஒரு சொல். வாய்க்குள் வைத்துப் பார்த்தான். ஓம் என்றால் நேசன் செத்துப்போவான். இல்லை என்றால் தங்கை அங்கே தேய்ந்துபோவாள்.

கரும்புக்குள் நடந்தான். தூறல் பிடித்தது. வெட்டிய வயலில் தோகை கிடந்தது, வெளுத்து, ஈரமாக. மதியம் சாப்பிட வரச்சொல்லி ரோஸ்-மே முந்தின நாளே சொல்லியிருந்தாள். அந்தப் பசியும் கூடவே நடந்தது.

திரும்பி வந்தபோது வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வாசலுக்கு வெளியே, படியோரம், ஒரு வாழையிலை. சோறு. ஆட்டுக்கறி. பருப்பு. ஒரு சின்னக் கிளாஸில் ரம். ஆவி பறந்தது.

வெளியே வைத்திருக்கிறார்களே என்று ஒரு கணம் சுருக்கென்றது. ஊரில் யாரை எங்கே இருத்துவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

பிறகு நினைத்தான். வாடகைக்கு இருக்கிறவன். கரும்புச் சேறு ஒட்டின கால். போகட்டும். சப்பணம் கட்டி உட்கார்ந்தான். பிசைந்தான். சாப்பிட்டான். கறி நன்றாக இருந்தது.

பாதி இலை முடிந்தபோது கதவு திறந்தது. சாம்பிராணிப் புகை முதலில் வந்தது. புகைக்குப் பின்னால் புதுச்சட்டையில் ஜில்பேர், வாயைக் கையால் பொத்தியபடி ரோஸ்-மே. அவர்களுக்குப் பின்னால், சுவரோரம், வரிசையாக இலைகள். ஒன்றின் முன்னும் ஆள் இல்லை.

அவனுக்குப் புரிந்துவிட்டது. இது செத்தவர்களுக்குப் படைக்கிற நாள். அவர்கள் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தி வைத்திருந்த நேரம். அவன் கை சோற்றிலேயே நின்றது.

“தவா,” என்றாள் ரோஸ்-மே. “அது உனக்கு வச்சது இல்ல.”

ஜில்பேர் அவனைப் பார்த்தான். இலையைப் பார்த்தான். “விடு ரோஸ். நூறு வருசமா வச்சு வச்சு எடுக்கறோம், ஆள் வரல. இன்னைக்கு வந்திருக்கான். சாப்பிடட்டும்.”

“ரம்மைத் தொடல பாரு,” என்றாள் அவள். “உங்க ஆளா இருந்தா அத முதல்ல எடுத்திருப்பான்.” சிரித்துவிட்டாள். உள்ளே போய் அவனுக்கு இன்னும் கொஞ்சம் கறி கொண்டுவந்து ஊற்றினாள்.

ஜில்பேர் படியில் உட்கார்ந்தான். வெளி இலையின் கதையைச் சொன்னான். அவனுக்கு அவன் அப்பா சொன்ன அளவுக்குத்தான்.

கப்பலேறக் காரைக்காலுக்கு நடந்து வந்தவர்கள் இரண்டு பேர். அண்ணன், தம்பி. தம்பிக்குக் காய்ச்சல். கரையில் நிறுத்திவிட்டார்கள். அண்ணன் மட்டும் ஏறினான். அண்ணன்தான் வீரப்பன். தம்பியின் பெயர் கடலிலேயே விழுந்துவிட்டது. யாருக்கும் தெரியாது.

“அவருக்கு எப்ப இருந்து இலை வைக்கறீங்க?” தவசீலன் கேட்டான்.

“பெரியவர் இருந்தவரைக்கும் வைக்க விடலையாம். தம்பி அடுத்த கப்பல்ல வருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். கிழவனா ஆன பிறகும் அதையேதான் சொன்னாராம். அவர் போன பிறகு மகன் வச்சான்.”

“ஏன் வெளியில?”

ஜில்பேர் தோளைக் குலுக்கினான். “செத்தான்னு யாரும் பாக்கலையே. உள்ள எப்படி வைக்கறது?”

மழை பிடித்துக்கொண்டது. ஜில்பேர் எழுந்து உள்ளே போனான். தவசீலன் இலையை மடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

கரையில் நின்ற தம்பியை நினைத்துப் பார்த்தான். காய்ச்சல் விட்டிருக்கும். வீட்டுக்குத் திரும்பி நடந்திருப்பான். அங்கே ஒரு நாள், யாரோ ஒருவர் முடிப்போம் என்று சொல்லியிருப்பார். கடலோடு போன அண்ணனுக்கு அங்கே எள்ளும் தண்ணீரும் விட்டிருப்பார்கள்.

அந்த நேரம் அண்ணன் இங்கே வியர்வையோடு கரும்பு சுமந்துகொண்டிருந்திருப்பான். பிள்ளைக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்திருப்பான்.

அப்படி எத்தனை வீடுகள். அங்கே திவசம். இங்கே தொட்டில். நடுவில் கடல், எதையும் எந்தப் பக்கமும் சொல்லாமல்.

ஆனால் கரையில் நின்ற தம்பி காய்ச்சலில் அன்றைக்கே போயிருக்கவும் கூடும். அதையும் அவன் நினைத்தான். நினைக்காமல் விடவில்லை.

பின்னேரம் அவனே அழைத்தான்.

“ஐயருக்கு என்ன சொல்ல?” என்றாள் சுகிர்தா.

“அம்மாட்டக் குடு.”

என்ன சொல்வது என்று தெரியவில்லை. நடந்ததையே சொன்னான். படியோரம் இலை. பசி. சாத்தின கதவு. புகை.

அந்தப் பக்கம் ஒரு சத்தம். அம்மா அழுகிறாள் என்று நினைத்தான். சிரிக்கிறாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு.

“செத்தவையின்ர சோத்தைத் திண்டிட்டியோடா? விசரா. என்ன கறி?”

“ஆட்டுக்கறி.”

“உப்புக் காணுமே?”

“காணும் அம்மா. அளவாத்தான் இருந்தது.”

பிறகு கரையில் நின்ற தம்பியைச் சொன்னான். உள்ளே வைக்க முடியாத இலையைச் சொன்னான். அங்கே ஐப்பசி மழை. அது அவன் காதில் விழுந்தது. அவனுடைய தகரக் கூரை அவளுக்கும் கேட்டிருக்கும்.

“உன்ர தங்கச்சி, அவன்ர படத்துக்கு மாலை போடவேணுமாம் எண்டுறாள்,” என்றாள் மெதுவாக. “நீ சொல்லியிருந்தால் நான் ஓமெண்டிருப்பன். வேற என்ன செய்ய.”

“நான் அதைச் சொல்லமாட்டன் அம்மா.”

“வெளியில எண்டால் ஒரு இலை போடலாம்.”

பின்னாலிருந்து சுகிர்தாவின் குரல். “வெளியில போட்டால் ஆர் சாப்பிடுறது?”

“பசிச்சு வாறவன் சாப்பிடட்டும். உன்ர கொண்ணன் அங்க இருந்து சாப்பிடேல்லையே? ஆரோ பெத்த பிள்ளை வந்து இருக்கட்டும்.” பிறகு தவசீலனிடம், “ஐயர் வேண்டாம். நானே சமைக்கிறன். அவள் அமாவாசையண்டைக்கு இலை வெட்டட்டும். படலையை இனி இரவில சாத்திறன், அவளும் நித்திரை கொள்ளட்டும்.”

அங்கே மழை வலுத்தது.

“அமாவாசைக்கும் இப்பிடித்தான் ஊத்துமடா,” என்றாள் அம்மா. “சோறு நனையும். தாழ்வாரத்துக்குக் கீழ, சுவரோட ஒட்டி வைக்கட்டே?”

அவன் அந்த வாசலை நினைத்தான். தாழ்வாரம், மணல் முற்றம், படலை, அதற்கு அப்பால் தெரு.

“நனைஞ்சாலும் பரவாயில்லை அம்மா. கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வை. றோட்டில வாறவனுக்குத் தெரியட்டும்.”