ஸ்டுடியோக்காரர் வைத்த கை

வைத்திக்குப்பம் செந்தமிழ்ச்செல்விக்கு இடது கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. நாலு வருடத்துக்கு முன்னால் ஐஸ் உடைக்கிற மெஷின் செய்த வேலை. அதைப் பற்றி அவளும் அதிகம் பேசமாட்டாள், நாமும் பேச வேண்டாம். அந்தக் கை ஒரே ராத்திரியில் திரும்ப முளைத்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பெரிய மார்க்கெட்டில் அவள் மீன் விற்கிறாள். வஞ்சிரம், கொடுவா என்று வைத்தால் வாங்குகிறவர்கள் வெட்டிக் கொடு என்பார்கள். ஒற்றைக் கையால் அரிவாள்மனையில் என்னத்தை வெட்டுவது? அதனால் வெட்ட வேண்டாத நெத்திலியும், சென்னாக்குன்னி என்கிற பொடி இறாலும்தான். அதில் வருவது வயிற்றுக்குச் சரியாகப் போய்விடும். தம்பி வெற்றிவேல் வீட்டில்தான் இருக்கிறாள். தம்பி தங்கமானவன்; தம்பி பெண்டாட்டியும் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளைக்குத் தன் இஷ்டத்துக்கு விளக்கை அணைத்துப் படுக்க ஓர் இடம் வேண்டாமா? மாற்றுத்திறனாளி உதவித்தொகை வந்தால் ஓர் ஒற்றை அறைக்கு வாடகை கட்டலாம். அறையைப் பார்த்தும் வைத்துவிட்டாள்.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள். காலை பத்து மணிக்கெல்லாம் அலுவலகத்தில் எழுத்தர் இராமதாஸ் மேஜைக்கு முன்னால் நின்றாள். ஆதார், ரேஷன் கார்டு, டாக்டர் சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தன. ஒவ்வொன்றாகத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், கவரைப் பிரித்து முழு உருவப் படத்தை எடுத்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"எந்தக் கைம்மா இல்ல உங்களுக்கு?"

"இடது கை சார்."

"இதுல ரெண்டும் இருக்குதே?"

செல்வி எட்டிப் பார்த்தாள். ஸ்டுடியோவில் ஒட்டிக் கொடுத்த கவரை அவளும் இப்போதுதான் பிரித்துப் பார்க்கிறாள். முந்தானைக்கு வெளியே ஓர் இடது கை அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மெலிந்த விரல்கள், முழங்கைவரை மருதாணி, கை நிறைய வளையல். யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் கை.

"ஆளு நேர்லயே நிக்கிறேனே சார், பாத்துக்கங்களேன்!"

"நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. ஃபைல்ல போட்டோதான இருக்கும்? மேல பாக்குறவங்க என்னத்தான் கேப்பாங்க. நாலு மணிக்கு லிஸ்ட்ட மூடிடுவோம்மா. அதுக்குள்ள வேற எடுத்துட்டு வாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

கிருஷ்ணசாமியின் ஸ்டுடியோ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. எடுத்த படத்தை எடுத்தபடியே கொடுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மாப்பிள்ளைக்கு முடி, பெண்ணுக்கு நிறம், பெரியவருக்குப் பல் என்று கேட்காமலே வைத்துவிடுவார். அதற்குத் தனியாகக் காசும் வாங்கமாட்டார், புண்ணியவான்.

"இன்னாண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க? யாரு கேட்டது கை?"

அவர் முகம் வாடிவிட்டது. "நல்லா இல்லியா? உனக்குன்னு தேடித் தேடி எடுத்தேன் செல்வி. செத்துப்போன பிரெஞ்சு பட்டாளத்து சொல்தாவுக்கே படத்துல கண்ணத் தெறந்து குடுத்தவன் நானு. உன்ன அப்படியே அனுப்ப எனக்கு மனசு வருமா?"

"கை இல்லன்னு காட்டத்தான் போட்டோவே கேக்குறாங்க! உங்களால எனக்கு ரூமே போவப் போவுது!"

கிருஷ்ணசாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடத்தில் குறையைக் காட்டு என்று ஒருவரும் அவர் கடைக்கு வந்ததில்லை. அவளும்தான் என்ன சொன்னாள்? 'முழுசா ஒரு போட்டோ' என்றதோடு சரி. நேற்று எடுக்கும்போது கையை முந்தானைக்குள் செருகிக்கொண்டு நின்றதும் அவள்தான். நாலு வருடமாக, கேமராவைக் கண்டால் அந்தக் கை தானாக உள்ளே போய்விடுகிறது. அவள் கோபம் மெல்ல இறங்கியது.

"திரும்ப எடுங்க" என்று முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். கையை முன்னால் நீட்டினாள். பளீரென்ற வெளிச்சத்தில் அந்த மொட்டைக் கையை அவளே அன்றைக்குத்தான் நின்று பார்த்தாள். பாவமாக இருந்தது. பிரியமாகவும் இருந்தது. தினமும் ஐஸ் கூடையை அணைத்துத் தூக்குவது இதுதானே! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கன்னத்துல அந்த மருவ மட்டும்…" என்று இழுத்தார் கிருஷ்ணசாமி.

"அண்ணே!"

"சரி சரி, தொடல."

மூன்றரைக்கு இராமதாஸ் புதுப் படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சிரிச்சிக்கிட்டு இருக்கீங்களேம்மா?"

"கையப் பாருங்க சார். அது சிரிக்கல."

அவர் படத்தை விண்ணப்பத்தில் ஒட்டினார். மை டப்பாவைத் திறந்து, பழக்க தோஷத்தில், "இடது கைப் பெருவிரல வைங்க" என்றார்.

"அதத்தான சார் காலையில வேணாம்னு திருப்பி அனுப்புனீங்க?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். இராமதாசும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தார். செல்வி அவர் பேனாவையே வாங்கி, கட்டத்துக்கு வெளியே வழிய வழியத் தன் முழுப் பெயரையும் எழுதினாள். முத்திரை விழுந்தது. ஒப்புகைச் சீட்டைக் கிழித்து நீட்டினார்.

"தம்பி வீட்டு வெலாசம் குடுத்திருக்கீங்க. மாறுறாப்பல இருந்தா வந்து சொல்லணும்."

"மாறும் சார்" என்றாள் செல்வி. "இப்பவே வேணா பென்சில்ல எழுதி வெச்சுக்கங்க."