கெர்த்துவுக்குத் தைத்த கோட்டு

கோட்டை மாட்டிக்கொண்டு, முதுகுப்புறம் எப்படி இருக்கிறது என்று கண்ணாடியில் திரும்பிப் பார்த்த கெர்த்துவின் முகம் பொசுக்கென்று வாடிப்போனது.

"இதை நான் போட்டுக்க மாட்டேன்" என்று கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

"ஏன் அண்ணி? இடுப்புல பிடிக்குதா? பிரிச்சு விட்டுடறேன்."

"இடுப்புக்கு என்ன கேடு? நல்லாத்தான் தச்சிருக்க. ரொம்ப நல்லா தச்சிருக்க. அதாம்மா…" என்றபடி காலணியைத் தேடினாள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஏலக்காய் ரொட்டியைத் தொடாமல் ஒரு பின்லாந்துக்காரி எழுந்து போகிறாள் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

சிர்க்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சனிக்கிழமை அறுவடைத் திருவிழாவில் நாத்தனார் அதைப் போட்டுக்கொண்டு ஊர் நடுவே நடக்க வேண்டும் என்று குளிர்காலம் முழுக்கத் தைத்த கோட்டு அது. புதுத்துணி ஒரு விரற்கடைகூடக் கிடையாது. கணவன் வெய்க்கோவின் பழைய தபால்காரக் கால்சட்டை, கிழிந்த ராணுவக் கம்பளி, கெர்த்து தூக்கிப் போட்ட பச்சை அடுக்களைத் திரை. பிர்ச் மரத்து இலையில் மஞ்சள், துருப்பிடித்த ஆணியில் சாம்பல், அவுரியில் நீலம். முதுகின் அடியோரத்தில் மட்டும் ஒரே ஒரு சிவப்பு ஒட்டு. அது இரத்தக் காளானில் எடுத்த சிவப்பு.

அந்தக் காளான் முளைக்கும் இடம் கெர்த்துவுடையது. எங்கள் பக்கத்தில் வீட்டுச் சாவியைக் கொடுப்பார்கள், காளான் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். கூடப் பிறந்த தம்பி வெய்க்கோவுக்கே கெர்த்து சொன்னதில்லை. கல்யாணமாகி வந்த வருஷம் சிர்க்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போனாள். வெளியூர்க்காரி இந்த வீட்டு மனுஷியானது அன்றைக்குத்தான் என்று சிர்க்கா இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த உறவுக்கு இப்போது என்ன வந்தது?

திரையை வெட்டியதில் கோபமா? கேட்டுவிட்டுத்தானே வெட்டினாள். நிறம் பிடிக்கவில்லையா? நிறங்களையும் கெர்த்துவிடம் முன்பே சொல்லிவிட்டுத்தானே தைத்தாள். இரண்டு தடவை போன் செய்தாள். கெர்த்து எடுக்கவில்லை.

கோட்டைத் தரையில் கவிழ்த்து விரித்து வெறித்துக்கொண்டிருந்தாள். பல்லில் ரொட்டியோடு வெய்க்கோ வந்து நின்றான்.

"இந்த நீலம் நம்ம முஸ்தாலம்பி ஏரி மாதிரியே இருக்கே. வாத்து கழுத்து மாதிரி அதே கோணல்" என்றான்.

"உளறாதீங்க."

"நான் ஏன் உளறறேன்? அந்தச் சாம்பல் பட்டை ரோடு. இது மரம் அறுக்கற மில்லு. அட, பச்சைத்துணி அக்கா வீடா? இந்தச் சிவப்பு என்னது?"

சிர்க்கா சிவப்பு ஒட்டைச் சட்டென்று கையால் மூடினாள். ஐயோ! அவள் நினைத்துத் தைக்கவே இல்லை. ஆனால் காளான் இடத்துக்கு வருஷா வருஷம் காரில் போகும் அந்த வழியில் ஒவ்வொரு வளைவுக்கும் அவளுக்கு வாந்தி வரும். உடம்புக்கு மனப்பாடமான வழி கை வழியே துணியில் இறங்கியிருக்கிறது. கெர்த்துவின் ரகசியத்தைக் கெர்த்துவின் முதுகிலேயே தைத்து, ஊர் பார்க்க நடக்கவிடப் பார்த்தாளே பாவி!

கோட்டையும் கத்தரிக்கோலையும் கூடையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தாள். கெர்த்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். காலடியில் அவள் நாய் படுத்திருந்தது.

"அண்ணி, சத்தியமா தெரியாம செஞ்சிட்டேன். சிவப்பை இப்பவே வெட்டிடறேன். நீங்களே வெட்டுங்க."

கெர்த்து புரியாமல் விழித்தாள். "எதுக்கு வெட்டணும்?"

"உங்க இடத்தைக் காட்டிக் குடுத்துட்டேனேன்னுதானே கோவம்?"

"கோவமா? எனக்கா?" கெர்த்து அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கூடையிலிருந்து கோட்டை எடுத்து விரித்தாள். "அசடே, இதை வச்சுக்கிட்டு எவனும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இதோ எங்க வீடு. ரோடு ஏரியை ஒரு சுத்து சுத்துது. அப்புறம் மரமில்லு. மறுபடியும் ஏரி. காட்டுக்குள்ள ஒரு வழி எதுக்குடி ஏரியை ரெண்டு சுத்து சுத்தணும்?"

சிர்க்கா கோட்டைப் பார்த்தாள். நீலத்தைச் சாம்பல் பட்டை இரண்டு முறை சுற்றியிருந்தது. அவள் அப்படித்தான் போனாள். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் போனார்கள்.

"வழி அதுதானே?" என்றாள்.

கெர்த்து எழுந்தாள். நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, சவுனா நீராவிக் குளியலறைக்குப் பின்னால் நடந்தாள். சிர்க்கா கோட்டைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் போனாள். ஒரு விறகுக் குவியல், ஒரு சின்ன ஓடை, நெருக்கமான கொஞ்சம் ஊசியிலை மரங்கள். மூச்சு வாங்குவதற்குள் பாசிக்கு நடுவே இரத்தச் சிவப்பாகக் காளான்கள். அதே பாறை. அதே விழுந்த மரம்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நின்றாள் சிர்க்கா.

"முத வருஷம் நீ யாரோ எவளோ" என்றாள் கெர்த்து, காளான்களைப் பார்த்துக்கொண்டே. "நாளைக்கே என் தம்பியை விட்டுட்டுப் போயிட்டீன்னா? அதான் ஊரைச் சுத்தி ஓட்டிட்டு அந்தப் பக்கமா கூட்டிட்டு வந்தேன். அடுத்த வருஷம் நேரா கூட்டிட்டு வந்தா, போன வருஷம் ஏன் சுத்தினீங்கன்னு கேப்ப. என்ன சொல்லுவேன்? அப்படியே சுத்திக்கிட்டே இருந்துட்டேன். இன்னிக்கு நீ அதைப் பொறுப்பா தச்சு என் முதுகுல மாட்டிவிட்டதும் எனக்கு மானமே போச்சு."

"எனக்கு வாந்தி வந்துச்சு அண்ணி! வருஷா வருஷம்!"

"தெரியும். நான்தானே காரைக் கழுவினேன்."

சிர்க்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. அப்போது மரங்களுக்கு அப்பால் ஒரு நாய் குரைத்தது. வருஷா வருஷம் இங்கே அவள் கேட்ட குரைப்பு. ஆளில்லாத காட்டில் யாருடைய நாய் என்று ஒருமுறை கேட்டதற்கு, வேட்டைக்காரர்களுடையது என்று சொன்னாளே இவள்!

"அது உங்க நாயா?" என்றாள்.

"ஆமா" என்றாள் கெர்த்து. கையை நீட்டி, சிர்க்காவின் கையிலிருந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பொத்தான் போட்டாள். "சனிக்கிழமை போட்டுக்கறேன். அடுத்த வருஷத்துலேர்ந்து நீயே வந்து பறிச்சிட்டுப் போ. என்கிட்ட கேக்க வேண்டாம்."

சிர்க்கா பாசியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.